பாராத பயிர் பாழ்: புரொஸ்டேற் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின்

"கேளாத கடனும் பாராத பயிரும் பாழ்" என்பது எங்கள் பெரியவர்களின் வாக்கு. நாற்று நட்டு, பசளை போட்டு, களை பிடுங்கிய பின் வயற்பக்கமே போகாமல் இருக்கும் கமக்காரர் எவரும் இல்லை. கோரையைப் பிடுங்கினாலும் அதன் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் சொந்த உடம்பு என்று வரும்போது அதே கமக்காரர், "வெட்டி எடுத்தாயிற்று, இனி என்ன?" என்று கிளினிக் கொப்பியைப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்.

வயது போன ஆண்களுக்கு வரும் புரொஸ்டேற் புற்றுநோய் இப்போது எமது கிராமங்களிலும் கண்டறியப்படுகிறது. சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் அதன் பின்னர் என்ன செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சுரப்பியும் அதன் அடையாளமும்

புரொஸ்டேற் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி. பாடசாலைப் புத்தகங்களில் இது முன்னிற்கும் சுரப்பி எனப்படும். சலப்பையின் கீழே, சலம் வரும் வழியைச் சுற்றி இது அமைந்துள்ளது. இச்சுரப்பி பி.எஸ்.ஏ. என்ற ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அதில் சிறிதளவு இரத்தத்திலும் கலக்கிறது. சுரப்பியின் நல்ல கலங்களும் புற்றுநோய்க் கலங்களும் இதனை உண்டாக்குவதால், சிகிச்சைக்குப் பின் நோய் எங்காவது எஞ்சியிருக்கிறதா என்பதை இரத்தத்தில் இதன் அளவைப் பார்த்து அறியலாம். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் எத்தனை நனோகிராம் என்று ரிப்போட்டில் இலக்கம் எழுதியிருப்பார்கள்.

இந்த இலக்கத்தைத் தனியே பார்த்து எதையும் சொல்ல முடியாது. இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரின் கையிலும் 1.5 என்ற ரிப்போட் இருக்கிறது. முதலாமவர் சத்திரசிகிச்சையில் சுரப்பியை முழுவதும் அகற்றியவர். சுரப்பியே இல்லாத உடம்பில் 1.5 இருக்கக் கூடாது. அவர் தாமதமின்றி வைத்தியரைக் காண வேண்டும். இரண்டாமவர் கதிர்ச் சிகிச்சை பெற்றவர். அவருடைய இலக்கம் 9, பின் 4, பின் 2 என்று படிப்படியாக இறங்கி இப்போது 1.5 இல் நிற்கிறது. அவருக்கு அது நல்ல செய்தி. ஒரே இலக்கம் இருவருக்கு இரண்டு விதமாகப் பொருள்படுகிறது. பழைய ரிப்போட்டுகள் கையில் இல்லாவிட்டால் எந்தப் பெரிய வைத்தியராலும் இந்த வேறுபாட்டைச் சரியாகக் காண முடியாது.

கிணற்று நீரை அளப்பதும் இப்படித்தான். இன்று பத்து முழம் கயிறு போகிறது என்றால் அது நல்லதா கெட்டதா? போன மாதம் எத்தனை முழம் போனது என்று தெரிந்தால்தான் சொல்லலாம்.

மூன்று சிகிச்சை, மூன்று கணக்கு

1. சுரப்பியை முழுவதும் அகற்றியவர்கள்: ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் இலக்கம் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். பெரும்பாலும் 0.1 இலும் குறைவாக இருக்கும். பின்னர் அது 0.2 ஆகி, மறுபரிசோதனையிலும் அதே அளவோ கூடுதலாகவோ இருந்தால், நோய் திரும்புகிறது என்று கொள்ளப்படும்.

2. கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள்: இவர்களுக்குச் சுரப்பி உடம்பிலேயே இருப்பதால் இலக்கம் மெதுவாகவே இறங்கும். மிகக் குறைந்த அளவை அடைய ஒன்றரை, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த மிகக் குறைந்த அளவிலிருந்து 2 அல்லது அதற்கு மேல் ஏறினால் நோய் திரும்பியதாகக் கருதப்படும். உதாரணமாக, 0.5 வரை இறங்கியவருக்கு எல்லை 2.5 ஆகும். இடையில், குறிப்பாக முதலிரண்டு ஆண்டுகளில், சிலருக்கு இலக்கம் சற்று ஏறித் தானாகவே இறங்குவதும் உண்டு.

3. ஓமோன் சிகிச்சை பெறுபவர்கள்: ஆண் ஓமோன் இந்நோயை வளர்க்கிறது என்பதை 1941 இல் சார்ள்ஸ் ஹகின்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எடுத்துக்காட்டினார். அதற்காக 1966 இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசியினால் அல்லது விதைகளை அகற்றுவதனால் அந்த ஓமோன் குறைக்கப்படுகிறது. ஊசி போடும் தேதி தவறக் கூடாது. விதைகளை அகற்றியவர்கள் "இனி ஊசியும் இல்லை, கிளினிக்கும் இல்லை" என்று எண்ணுவது தவறு. ஓமோன் குறைந்த நிலையிலும் சிலருக்கு நோய் மீண்டும் வளரப் பழகிக்கொள்ளும். இலக்கம் ஏறுவதை வைத்தே அதனை முன்கூட்டி அறியலாம்.

எப்போது பரிசோதிப்பது?

சுரப்பியை அகற்றியவர்களும் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களும் பொதுவாக முதலாண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், சில ஆண்டுகள் கழிந்த பின் ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும். ஓமோன் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படலாம். உங்கள் வைத்தியர் நோயின் தன்மையைப் பார்த்து வேறு கணக்குச் சொன்னால் அதனையே பின்பற்றுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது சில விடயங்களைக் கவனியுங்கள். இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் முறை வேறுபடுவதால் இலக்கமும் சற்று வேறுபடும். சுரப்பி உடம்பில் உள்ளவர்களுக்குச் சலத்தில் கிருமித் தொற்று இருந்தாலோ, அண்மையில் சலக்குழாய் போட்டிருந்தாலோ இலக்கம் ஏறிக் காட்டலாம். பினஸ்ரரைட் என்ற மாத்திரை அதனை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். இவற்றை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இலக்கம் ஏறினால்

ஒரு தடவை ஏறியதைக் கண்டு பயந்துவிட வேண்டாம். முதலில் செய்வது மறுபரிசோதனைதான். லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்தில், தோலில் நோய்க்குறி கண்டவரைக் குரு பார்த்து, ஐயம் இருந்தால் ஏழு நாள் தனியே வைத்து, ஏழாம் நாள் மீண்டும் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கு உள்ளது. அவசரப்பட்டு முடிவு சொல்லக் கூடாது என்பதை அக்காலத்து மக்களே அறிந்திருந்தார்கள்.

மறுபரிசோதனையிலும் ஏறியிருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் சுரப்பியை அகற்றியவர்களைப் பல ஆண்டுகள் அவதானித்து 1999 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இலக்கம் ஏறத் தொடங்கியதிலிருந்து எலும்பு போன்ற வேறிடங்களில் நோய் தென்படுவதற்கு நடு அளவாக 8 ஆண்டுகள் சென்றன. நோய் வலியாக வெளிப்படுவதற்கு வெகு காலம் முன்னரே இரத்தம் சொல்லிவிடுகிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் இலக்கம் மிகக் குறைவாக இருக்கும்போதே கதிர்ச் சிகிச்சை கொடுத்தால் பலருக்கு நோயை அடக்கலாம். இடுப்பு எலும்பில் வலி வந்தபின் போகிறவருக்கு அந்த வாய்ப்புப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, எதற்குக் கிளினிக்?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

உடம்பு தேறும் காலம்

சுரப்பியை அகற்றியவர்களுக்குச் சலக்குழாய் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம் வரை இருக்கும். ஆறு வாரத்துக்கு நெல் மூட்டை, தண்ணீர் வாளி, மருந்து தெளிக்கும் தாங்கி முதலிய பாரங்களைத் தூக்கக் கூடாது. மண்வெட்டி பிடிப்பதற்கும் சைக்கிள் ஓடுவதற்கும் வைத்தியரின் சம்மதம் கேளுங்கள். போகத்துக்கு வயலை ஆயத்தப்படுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டாலும், அயலவரோடு கைமாற்றாக வேலையை ஒழுங்கு செய்வதே நல்லது. மெதுவாக நடப்பது முதல் வாரத்திலிருந்தே உதவும்.

குழாயை எடுத்தபின் இருமினால், தும்மினால், எழும்பினால் சலம் சொட்டுவது வழக்கம். பெரும்பாலானோருக்கு இது சில மாதங்களில் குறைந்து ஓராண்டுக்குள் நன்கு சீராகும். அதற்கு ஒரு பயிற்சி உண்டு. காற்றுப் பிரிவதை அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குகிறோமோ அதனை இறுக்கி, ஐந்து வரை எண்ணிப் பின் விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை செய்யுங்கள். வயிற்றையோ தொடையையோ இறுக்க வேண்டாம். மூச்சை அடக்கவும் வேண்டாம். குழாய் இருக்கும்போது இதனைச் செய்யக் கூடாது. பழைய சாரத்தைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்ளலாம். அதனைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து வெயிலில் காயவிடுங்கள். சலம் சொட்டும் என்று தண்ணீரைக் குறைப்பது பிழை. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு அது கேடு. தேநீரையும் கோப்பியையும் குறைத்தாற் போதும்.

கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அடிக்கடி சலம் போதல், வயிற்றோட்டம் முதலியன சில வாரம் இருக்கலாம். மலத்துடன் இரத்தம் போவது மாதங்கள், ஆண்டுகள் கழிந்தும் தோன்றலாம். மூலம் என்று எண்ணி நாட்டு மருந்து எடுக்காமல், கதிர்ச் சிகிச்சை பெற்றதைச் சொல்லி வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஓமோன் சிகிச்சையில் உடம்பு திடீரெனச் சூடாகி வியர்க்கும். களைப்பு வரும், எலும்பு மெலியும், நீரிழிவும் இருதய வருத்தமும் வரும் வாய்ப்புக் கூடும். எனவே நாள்தோறும் நடத்தல், குரக்கன், கீரை, நெத்தலி போன்ற உணவு, சீனி அளவையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தல் ஆகியன வேண்டும். சுருட்டும் குடியும் எலும்புக்கும் இருதயத்துக்கும் எதிரி.

சொல்லக் கூச்சப்படும் விடயம்

தாம்பத்திய உறவுக்கு வேண்டிய நரம்புகள் இச்சுரப்பியை ஒட்டியே செல்கின்றன. சிகிச்சைக்குப் பின் பலருக்கு அந்த இயல்பு குறைகிறது. அது திரும்புவதற்கு இரண்டு ஆண்டு வரை செல்லலாம். சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். இதனால் மனைவியோடு பேசாமல் ஒதுங்கி இருப்பவர்களும், குடியை நாடுபவர்களும் உண்டு. இது பாவத்தின் தண்டனையோ ஆண்மைக் குறைவோ அல்ல, சிகிச்சையின் விளைவு. கணவனும் மனைவியும் மனந்திறந்து பேசட்டும். கிளினிக்கிலும் கேட்கலாம், மருந்துகள் உண்டு. ஆனால் இருதய வருத்தத்துக்கு நாவின் கீழ் மாத்திரை வைப்பவர்கள் அந்த மருந்துகளைக் கடையில் வாங்கிப் பாவித்தால் உயிருக்கே ஆபத்து.

அன்றைக்கே வைத்தியசாலைக்கு

- சலம் முற்றாக அடைத்தல், அல்லது இரத்தக் கட்டிகளாகப் போதல்
- நடுக்கத்துடன் காய்ச்சல்
- ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் நோதல், திடீர் மூச்சுத் திணறல்
- முதுகு வலியுடன் கால்கள் பலமிழத்தல் அல்லது விறைத்தல், மலசலம் அடக்க முடியாமை

கடைசியாகச் சொன்னது, நோய் முள்ளந்தண்டை அழுத்துவதால் வரலாம். ஒரு நாள் பிந்தினாலும் நடக்க முடியாமற் போய்விடக்கூடும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடதாசிகளைக் காப்பாற்றுங்கள்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 2006 இல் சம்பூரிலிருந்தும், 2008, 2009 இல் வன்னியிலிருந்தும் வெளியேறியவர்களுக்குத் தெரியும்: உயிரோடு ஓடும்போது எந்தக் கடதாசியையும் தேடி எடுக்க நேரமில்லை. காணி உறுதியைத் தேடித் திரிந்த துன்பம் இன்னும் மறையவில்லை. இந்நோயாளிக்கு மருத்துவக் கடதாசிகளும் காணி உறுதிக்கு ஒப்பானவை. ஒரு பொலித்தீன் உறையில் கிளினிக் கொப்பி, வைத்தியசாலையை விட்டு வரும்போது தந்த நோய் நிர்ணய அட்டை, அகற்றிய தசையின் ஆய்வு ரிப்போட், பி.எஸ்.ஏ. ரிப்போட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, அடையாள அட்டை இருக்கும் இடத்திலேயே வையுங்கள். ஒரு கொப்பியில் தேதி, இலக்கம், ஆய்வுகூடம், போட்ட ஊசி என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். படிக்கிற பிள்ளையிடம் இவ்வேலையைக் கொடுக்கலாம். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து, வேறு ஊரில் உள்ள உறவினருக்கு அனுப்பி வையுங்கள்.

வேறிடத்தில் குடியேறப் போகிறீர்களா? போவதற்கு முன் கிளினிக்கில் மாற்றக் கடிதம் கேட்டு வாங்குங்கள். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் தொடங்கியவர்கள், வைத்தியரின் சம்மதத்துடன் தெல்லிப்பழையிலோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ தொடர முடியுமா என்று கேளுங்கள். கடதாசி தொலைந்திருந்தாலும் வெட்கப்பட்டு நின்றுவிடாதீர்கள். சிகிச்சை பெற்ற வைத்தியசாலையின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் பதிவுகளைத் தேடிப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் இன்றைய இலக்கத்திலிருந்து புதிய வரிசையைத் தொடங்குங்கள்.

தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தால் மற்ற ஆண்களுக்கும் வரும் வாய்ப்புக் கூடுதல். எனவே ஐம்பதை நெருங்கும் ஆண் மக்களும் சகோதரரும் வைத்தியரிடம் இதனைச் சொல்லி ஆலோசனை பெற வேண்டும்.

பங்குகளில் உள்ள வின்சன்ட் டி போல் சபையினரும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஒரு சிறு உதவி செய்யலாம். தங்கள் பகுதியில் சிகிச்சை பெற்றவர்களின் சம்மதத்துடன், அவர்களது அடுத்த கிளினிக் தேதியைக் குறித்து வைத்து, ஒரு வாரம் முன்பாக ஞாபகப்படுத்துங்கள். பஸ் காசு இல்லாதவருக்கு வழி செய்யுங்கள். தனியாக இருப்பவரோடு ஒருவர் துணைக்குப் போங்கள். இதனை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டில் உள்ள கிளினிக் கொப்பியை எடுத்து, அடுத்த தேதி எது என்று பாருங்கள். அது கடந்து போயிருந்தால், அடுத்த கிளினிக் நாளிலேயே போங்கள்.