கேக் சுருங்குவது ஏன்?

பிள்ளையின் பிறந்த நாளுக்குக் கூலிக் காசில் முட்டையும் வெண்ணெயும் வாங்கிக் கேக் சுடுகிறோம். ஆறியதும் அது ஓரம் விலகிச் சிறுத்துவிட்டால் மனம் கலங்குகிறது. சூட்டில் விரிந்த காற்றும் நீராவியும் ஆறும்போது ஒடுங்குகின்றன. ஆகவே கால் அங்குலம்போலக் குறைவது இயல்பே.

நம் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றழுத்தம் குறைவு. மாவு அளவுக்கு மீறி உப்பி, பிறகு நடுவில் அமிழ்ந்துவிடும். கீழே தாப்பாவில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போட்டால், இங்கே முக்கால் போதும். வெந்த பின்னும் அடுப்பிலேயே விட்டால், ஈரம் வற்றி இன்னும் சுருங்கும்.

அடியில் வைக்கும் அட்டையை முன்னதாகவே வெட்டிவிடக் கூடாது. கேக் நன்றாக ஆறிய பின் அளந்து, கிரீம் பூசவும் கையால் பிடிக்கவும் சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டு வெட்டுவோம். 8 அங்குலத் தட்டில் சுட்ட கேக்குக்கு 10 அங்குல அட்டை சரியாக இருக்கும்.