மலைத் தோட்டத்துக்குக் கோவேறு கழுதை வாங்கலாமா?

ஜீப் ஏறாத மலைத் தோட்டங்களில் விளைய வைப்பதைவிட, விளைந்ததைச் சாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடு. திண்டுக்கல் மாவட்டம் சிறுமலையில் வாழைத்தாரும் எலுமிச்சையும் இன்றும் குதிரை முதுகில் வருகின்றன. பொங்கலில் அக்குதிரைகளுக்குத் தனியே பொங்கலிடும் வழக்கமும் அங்கு உண்டு. தலைச்சுமைக் கூலி கட்டுப்படியாகாத நிலையில், சொந்தமாக ஒரு கோவேறு கழுதை வாங்கலாம் என்று எண்ணும் சிறு விவசாயிகள், விலையை விசாரிப்பதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம். ஆண்டில் எத்தனை நாள் அதற்குச் சுமை இருக்கும் என்பதே அக்கணக்கு.

வேலை ஒன்றே வருமானம்

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. கரடு முரடான பாதையில் கால் தவறாமல் நடக்கும். நன்கு பராமரித்தால் 30 ஆண்டுக்கு மேலும் உயிர் வாழும். ஆனால் இது மலட்டு விலங்கு. குட்டி ஈனாது, கறவைக்கும் ஆகாது. எருவைத் தவிர, உழைக்கும் நாளில் மட்டுமே இதனால் வரவு உண்டு. தீவனச் செலவோ 365 நாளும் உண்டு.

சுமைக் கணக்கு

1965ஆம் ஆண்டு விதிகளின்படி கோவேறு கழுதை மீது 200 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது. இது உச்ச வரம்பே. செங்குத்தான பாதையில் உடல் எடையில் கால் பங்கு போதும். 300 கிலோ எடையுள்ள விலங்குக்கு 75 கிலோ. நாளுக்கு 3 நடை என்றால் 225 கிலோ இறங்கும். தோட்டத்தின் ஆண்டு விளைச்சல் 9 டன் என்றால் 40 நாளில் வேலை முடிந்துவிடும். மீதி 325 நாளும் கொட்டகையில் நின்று தின்னும்.

செலவுக் கணக்கு

மேற்படி விலங்குக்கு நாளுக்குச் சுமார் 6 கிலோ உலர்தீவனம் தேவை. ஆண்டுக்கு இது 2 டன்னுக்கு மேல். வேலை நாளில் ஊறவைத்த கொள்ளும் தவிடும் சேர்க்க வேண்டும். இத்துடன் லாடம், பொதிச் சேணம், ரண ஜன்னித் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் ஆகிய செலவுகளையும், வாங்கிய விலையில் ஓராண்டுப் பங்கையும் கூட்ட வேண்டும். இத்தொகையை, ஓட்டுபவர் கூலி நீங்கலான ஒரு நாள் வாடகையால் வகுக்க வேண்டும். உதாரணமாக, ஆண்டுச் செலவு 60,000 ரூபாய், வாடகை 600 ரூபாய் எனக் கொண்டால் 100 நாள் வேலை இருந்தால்தான் முதலுக்கு மோசமில்லை. 40 நாள் வேலை உள்ளவர் வாடகைக்கு அமர்த்துவதே லாபம். அக்கம்பக்கத்தாரின் சுமை உறுதியாகக் கிடைத்தால் மட்டுமே சொந்தமாக வாங்கலாம். ஓரிரு ஆண்டில் சாலை வரவிருக்கும் ஊரில் வாங்காதிருப்பதே நல்லது.

வாங்கும்போது

புதிதாகத் தொடங்குவோர் பழக்கப்படாத இளம் விலங்கை விலை மலிவு என்று வாங்கக்கூடாது. 5 வயதில் முன்பற்கள் யாவும் நிலைப்பற்களாகிவிடும். அவ்வயது கடந்து, சுமந்து பழகியதையே தேர்ந்தெடுக்க வேண்டும். சேணத்தைக் கழற்றச் சொல்லி முதுகில் புண் உள்ளதா என்று பார்க்க வேண்டும். நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்க்க வேண்டும். சுமையேற்றிச் சரிவில் நடத்திப் பார்ப்பதும் அவசியம். மூக்கில் சளி ஒழுகும் விலங்கு கூடவே கூடாது. 'கிளாண்டர்ஸ்' நோய் மனிதருக்கும் தொற்றும். அதற்குத் தடுப்பூசி இல்லை. ஆகவே கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனை செய்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

வளர்ப்பில் கவனம்

பூசணம் பிடித்த வைக்கோல் கடும் வயிற்றுவலியை உண்டாக்கும். கோழித் தீவனம் கொடுக்கவே கூடாது. அதில் கலக்கப்படும் மோனென்சின் என்ற மருந்து குதிரை இனத்துக்கு எமன். நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்குவது விதிகளுக்குப் புறம்பானது. பாதையில் நின்றுவிட்டால் பிடிவாதம் என்று அடிக்கக்கூடாது. சுமை சரிந்திருக்கலாம், சேணம் உராயலாம், பாதையில் ஆபத்து இருக்கலாம். அதைப் பார்த்துச் சரிசெய்யும் பொறுமை உள்ளவருக்கே இது ஏற்றது.

வாங்க எண்ணுவோர் முதலில் ஓர் அறுவடைக் காலம் முழுவதும் வாடகை விலங்கை அமர்த்தி, சுமை நாட்களைக் குறித்து வரலாம். வாங்குவதா வேண்டாமா என்பதை அக்குறிப்பே சொல்லிவிடும்.