இன்றைய உயரமும் நாளைய உயரமும்: பிறவி அட்ரீனல் குறைபாடுள்ள குழந்தைகளின் வளர்ச்சி

“வகுப்பிலேயே இவன்தான் உயரம், மாத்திரை எதற்கு?” என்று எங்களிடம் கேட்கும் பெற்றோர் உண்டு. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்னும் இந்நோயில், ஐந்து வயதில் காணும் அந்த உயரமே எங்களுக்குக் கவலை தருவது.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைத் தயாரிக்கும் நொதி ஒன்று பிறவியிலேயே குறைவாக இருந்தால், சுரப்பியின் உழைப்பு திசைமாறி ஆண்தன்மை ஹார்மோன்கள் மிகுந்துவிடுகின்றன. பெண் குழந்தையின் பிறப்புறுப்பில் தெரியும் மாற்றத்தால் நோய் பிறந்தவுடனேயே ஐயத்துக்குள்ளாகும். ஆண் குழந்தையிடம் அவ்வடையாளம் இல்லை. உப்புச்சத்தை இழக்கும் வகையாயின் இரண்டு, மூன்று வாரங்களில் வாந்தியும் நீரிழப்பும் உயிருக்கே ஆபத்தாகலாம். மற்ற வகையில் அவன் வேகமாக உயர்வதைக் கண்டு வீட்டார் மகிழ்ந்திருப்பார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளைப் பரிசோதித்தபோது, 5,762 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. சென்னையில் மட்டும் ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் நோய் தோன்றும். தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. இது யார்மீதும் பழி சொல்வதற்கன்று. அடுத்த பிரசவத்துக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவதற்காகவே சொல்கிறோம்.

மிகுந்த ஆண்தன்மை ஹார்மோன் குழந்தையை வளர்ப்பதோடு நிற்பதில்லை. எலும்பை முதிரவும் செய்கிறது. இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரேயில் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒன்பது வயது எலும்பு தெரியக்கூடும். எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்டால் அதன்பின் உயரம் இல்லை. உடன் படித்தவர்கள் வளரத் தொடங்கும் வயதில் இவன் நின்றுவிடுவான்.

இதைத் தடுப்பது ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை. வளரும் குழந்தைக்கு உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குப் பொதுவாக 10 முதல் 15 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து. குழந்தை வளர வளர இக்கணக்கும் மாறும். ஆகவேதான் ஒவ்வொரு வருகையிலும் உயரமும் எடையும் அளக்கிறோம். மருந்து குறைந்தால் எலும்பு முந்திக்கொள்ளும்; மிகுந்தாலோ மருந்தே வளர்ச்சியைத் தடுத்து உடலைப் பருக்கச் செய்யும். குறிப்பாக முதல் வருடத்திலும் பருவமடையும் காலத்திலும் இந்தச் சமன்பாடு எளிதில் குலையும். “ஸ்டீராய்டு” என்ற சொல்லுக்கு அஞ்சி மாலை வேளையைத் தாமாகவே நிறுத்துவோரும், மருந்துக்கடையில் இருப்பில்லை என்று பிரெட்னிசலோனோ டெக்ஸாமெத்தசோனோ வாங்கிக் கொடுப்போரும் ஒரே இடத்தில்தான் இழக்கிறார்கள். பின்னவை வலிமை மிக்கவை. வளர்ச்சியை அதிகம் ஒடுக்குபவை. ஒரு மாத மருந்தைக் கூடுதலாக வாங்கி வைத்திருங்கள்.

முழு உயரத்தை உறுதியளிக்க எங்களால் இயலாது. சிகிச்சை பெற்றவர்களின் சராசரி உயரம் பொதுச் சராசரியைவிடச் சற்றுக் குறைவாகவே இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் நோயை முன்னதாகக் கண்டறிந்து, மருந்தைத் தவறாது அளித்தால் பெற்றோரின் உயரத்தையொட்டி வளர்வோர் பலர்.

சாரல் காலத்தில் ஐந்தருவிக்கு வரும் குடும்பங்களுக்கு ஒரு சொல். குளிப்பதற்காக மருந்தைக் கூட்ட வேண்டியதில்லை. காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால் மட்டும், உங்கள் அட்டையில் நாங்கள் எழுதியுள்ளபடி இரண்டு, மூன்று மடங்காகக் கொடுங்கள். சில நாள் அளவு கூடுவதால் உயரம் குன்றாது. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே வேண்டும். காத்திராமல் தென்காசி அரசு மருத்துவமனை போன்ற அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று அட்டையைக் காட்டுங்கள். அட்டையையும் மாத்திரையையும் ஈரத்துணிப் பையில் வைக்காமல், குளிக்காமல் கரையில் நிற்பவரிடம் கொடுத்துவையுங்கள்.