கரிபூ வரும் வழி

மாண்ட்ரியாலிலிருந்து வடக்கே பறந்தால் ஒரு கட்டத்தில் சாலைகள் முடிந்துவிடுகின்றன. அப்புறம் மரங்களும் குட்டையாகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகி, கடைசியில் இல்லாமலே போகின்றன. மிஞ்சுவது பாறை, பாசி, ஏரி. கியூபெக் மாநிலத்தின் வடகோடியான நுனாவிக் இதுதான். தாழப் பறக்கும் விமானத்திலிருந்து பார்த்தால் ஏரிகளுக்கு நடுவே பின்னிப் பின்னி ஓடும் ஒற்றையடிப் பாதைகள் தெரியும். மனிதர்கள் போட்ட பாதைகள் அல்ல. தலைமுறை தலைமுறையாக நடந்த கரிபூக்களின் குளம்புகள் தேய்த்த தடங்கள்.

கரிபூ வட அமெரிக்காவின் துருவ மான். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுப்பதாகப் படம் போடுகிறார்களே, அதே இனம். மான்களிலேயே பெண்ணுக்கும் கொம்பு முளைக்கும் இனம் இது ஒன்றுதான். இந்தப் பகுதியில் இரண்டு பெரிய மந்தைகள் உண்டு. கிழக்கே ஜார்ஜ் ஆற்று மந்தை, மேற்கே லீஃப் ஆற்று மந்தை. இவற்றை நம்பி ஒரு காலத்தில் பெரிய வேட்டைத் தொழிலே நடந்தது.

52ஆவது அட்சரேகைக்கு வடக்கே கியூபெக்கில் குடியிராத வெளியூர்க்காரர் தன்னிச்சையாக வேட்டையாட முடியாது. உரிமம் பெற்ற முகாம்காரர் மூலமாகத்தான் போக வேண்டும். அந்த நாட்களில் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் வேட்டைக்காரர்கள் ஷெஃபர்வில், குஜ்ஜுவாக் போன்ற ஊர்களில் வந்து இறங்குவார்கள். அங்கிருந்து பீவர், ஆட்டர் என்ற சிறிய மிதவை விமானங்கள் அவர்களை ஏதோ ஓர் ஏரிக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பும். ஒட்டுப்பலகைக் குடில், ஒரு அடுப்பு, ஒரு படகு, ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். மந்தை இந்த ஆண்டு எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் மந்தை போகிற பக்கம் இடம் மாற்றும் நடமாடும் முகாம்களுக்கும் அரசு அனுமதி கொடுத்திருந்தது.

வழிகாட்டியின் வேலையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, இரண்டு ஏரிகளுக்கு இடைப்பட்ட எந்தக் குறுகிய நிலத்தில் மந்தை நெருக்கியடித்துக்கொண்டு வரும், எந்தத் துறையில் ஆற்றில் இறங்கும் என்பதையெல்லாம் கணித்து, பாறை மறைவில் பைனாகுலரோடு உட்கார வேண்டும். முன்னால் வருகிற கரிபூக்களைச் சுடாமல் போகவிட வேண்டும் என்பது வடக்கின் பூர்வகுடிகள் பலரிடம் இன்றும் இருக்கும் கட்டுப்பாடு. முன்னோடிகள் மிரண்டால் பின்னால் வருகிற மந்தையே வழி மாறிவிடும். மந்தை நெருங்கி வரும்போது ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஒவ்வொரு அடிக்கும் கால் தசைநார் எலும்பின் மேல் வழுக்குவதால் எழும் ஓசை அது. நூற்றுக்கணக்கான கால்கள் ஒன்றாக நடக்கையில் புல்லில் தூறல் விழுவதுபோல இருக்கும்.

சுடுவது சில நொடி வேலை. அதற்குப் பிறகுதான் உண்மையான உழைப்பு. நன்கு வளர்ந்த ஆண் கரிபூ 150 கிலோவைத் தாண்டலாம். தோலை உரித்து, தொடைகளையும் முன்கால்களையும் தனித்தனியாகப் பிரித்து, முதுகுக் கறியை நீளவாக்கில் எடுத்து, காற்றோட்டமான துணிப் பைகளில் போட்டு, கால் வைத்தால் அசைகிற பாசி மேடுகளில் முதுகில் சுமந்து வர வேண்டும். சூடு தணியுமுன் ஈ மொய்த்தால் கறி கெட்டுவிடும். உண்ணத் தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது கியூபெக்கில் சட்டப்படி குற்றம். கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு வருவது வேட்டையே அல்ல என்பதுதான் என் கருத்தும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிப்போன நமக்கு, கறிக்காக நடக்கும் இந்த வேட்டையின் ஒழுங்கு புதிதாகத் தெரியலாம்.

இந்த ஒழுங்கு மட்டும் மந்தையைக் காப்பாற்றப் போதவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆற்று மந்தையில் ஏறக்குறைய 8 லட்சம் கரிபூக்கள் இருந்தன. உரிமம் வாங்கியவர் ஆளுக்கு இரண்டு சுடலாம் என்பது அந்தக் காலத்து நடைமுறை. அது அன்று யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. 2010இல் எண்ணியபோது 74,000தான் இருந்தன. 2018இல் 5,500. லீஃப் ஆற்று மந்தையும் 2001இல் 6 லட்சத்துக்கு மேல் இருந்து, 2016இல் 2 லட்சத்துக்குக் கீழே இறங்கியது.

துப்பாக்கியை மட்டும் குறை சொல்வது சரியாகாது. இந்த மந்தைகள் பெருகுவதும் சுருங்குவதும் பழைய கதை. கரிபூக்கள் மிதித்துச் செல்லும்போது தரைக்கு மேல் தெரியும் மர வேர்களில் காயம் படும். அந்தத் தழும்புகளை மர வளையங்களோடு வைத்துக் கணக்கிட்டு, எந்தக் காலத்தில் மந்தை பெருத்திருந்தது, எப்போது மெலிந்தது என்று லாவல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மந்தை சுருங்கியபோது, அதையே நம்பியிருந்த குடும்பங்கள் பட்டினி கிடந்தன. எண்ணிக்கை உச்சத்தில் இருந்த காலத்தில் மந்தையே தன் கோடை மேய்ச்சல் நிலத்தைத் தின்று தீர்த்து மெலிந்தது. 1984 செப்டம்பரில் கனியாபிஸ்காவ் ஆற்றைக் கடக்கும்போது சுமார் 10,000 கரிபூக்கள் ஒரே அடியாக மூழ்கி இறந்தன. அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் காரணமா, பெருமழை காரணமா என்ற சண்டை வெகுகாலம் நடந்தது. வெப்பமும், அதனால் வடக்கே ஏறிவரும் புதர்களும் இப்போது சேர்ந்துகொண்டன. ஆனால் மந்தை பெருத்திருக்கும்போது பொறுத்துக்கொள்ளும் வேட்டையை, இறங்குமுகத்தில் அது பொறுக்காது. அரசு இதைத் தாமதமாகத்தான் உணர்ந்தது.

விருந்தாளிக்கு முதல் இலை போடுவது நம் வழக்கம். வடக்கின் சட்டம் நேர்மாறானது. 1975ஆம் ஆண்டின் ஜேம்ஸ் விரிகுடா, வட கியூபெக் ஒப்பந்தப்படி க்ரீ, இனுவிட் மக்களின் உணவுத் தேவைக்கே முன்னுரிமை. மிஞ்சினால்தான் வெளியூர் வேட்டைக்காரருக்கு. அதன்படி 2012இல் ஜார்ஜ் ஆற்று மந்தைக்கும், 2018 பிப்ரவரி முதல் லீஃப் ஆற்று மந்தைக்கும் விளையாட்டு வேட்டை மூடப்பட்டது. இது நியாயம். பக்கத்து லாப்ரடாரில் 2013இல் வந்த தடையோ பூர்வகுடிகளையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. தங்களைக் கேட்காமல் போட்ட தடை என்று இன்னு மக்கள் எதிர்த்தார்கள். கடைக்கறியின் விலை வானத்தில் இருக்கும் ஊர்களில், முதியவருக்குக் கரிபூ இறைச்சி உணவு மட்டுமல்ல. பேரனுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுத்தரும் வாய்ப்பும்கூட. அந்த 2013ஆம் ஆண்டிலேயே இனுவிட், க்ரீ, இன்னு, நஸ்காபி மக்கள் ஒரே மேசையில் கூடி உங்காவா கரிபூ வட்டமேசையைத் தொடங்கினார்கள். 2017இல் மந்தையை எப்படிப் பகிர்வது, எப்படிக் காப்பது என்று தாங்களே ஒரு திட்டம் வகுத்தார்கள். இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்.

வேட்டை முகாம்களில் பல மூடப்பட்டன. சிலர் மீன்பிடிப் பயணங்களுக்கு மாறினார்கள். பாறை மறைவில் காத்திருக்கத் தெரிந்த வழிகாட்டிகளின் வருமானம் போனது. அந்த இழப்பைச் சின்னதாக நினைக்கக் கூடாது. மறுபடி திறக்க வேண்டும் என்ற கோரிக்கை வரத்தான் செய்யும். ஜார்ஜ் ஆற்று மந்தை 2022 கணக்கெடுப்பில் 7,200ஆக இருந்தது; சரிவு நின்றிருந்தது, மந்தை மீளவில்லை. லீஃப் ஆற்று மந்தைக்கு என்றாவது அனுமதி தரும் நாள் வந்தாலும், ஆளுக்கு இரண்டு என்ற பழைய கணக்குக்குப் போகக் கூடாது. எத்தனை கன்றுகள் குளிர்காலத்தைத் தாண்டின என்பதை ஆண்டுதோறும் பார்த்து, அதன் பிறகே எத்தனை என்று முடிவு செய்ய வேண்டும். அந்த எண்ணைச் சொல்ல வேண்டியது முகாம்காரர்கள் அல்ல, அந்த வட்டமேசை.