இரும்பில் விழும் தடம்

மழை பொய்த்து வைகை வறண்ட நாளிலும் மதுரைச் சமவெளியின்மீது ஒருவகை மாரி பொய்ப்பதில்லை. விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் மோதுவதால், மியூவான் என்னும் மின்னேற்றமுடைய நுண்துகள்கள் தோன்றி மண்ணை நோக்கி விரைகின்றன. விரித்த உள்ளங்கையின் வழியே வினாடிக்கு ஏறத்தாழ ஒன்று ஊடுருவிச் செல்லும். கண் அதனைக் காணாது, கையும் உணராது.

இவற்றின் தடத்தை அறியும் கருவி ஒன்று, நிறுவனங்கள் பல கூடி மதுரையில் அமைத்த உயர் ஆற்றல் இயற்பியல் மையத்தில் 2018ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிற்று. அதில் 56 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடுகள் 11 அடுக்குகளாக அமைந்துள்ளன. மொத்த எடை 85 டன். அடுக்குகளின் இடையே கண்ணாடி அறைகள் உள. 2 மில்லிமீட்டர் இடைவெளிவிட்டு நிற்கும் இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வாயு நிரம்பியிருக்கும். ஏறத்தாழ 10,000 வோல்ட் மின்னழுத்தமும் ஊட்டப்பெறும். உட்புகும் மியூவான், வாயுவின் அணுக்களினின்றும் எலெக்ட்ரான்களைப் பெயர்த்தெடுக்க, அவ்விடத்தே நுண்ணிய மின்பாய்ச்சல் எழும். அப்புள்ளிகளை இணைத்து நோக்கினால் துகள் சென்ற வழி விளங்கும். இரும்பைச் சூழ்ந்த கம்பிச் சுருளில் மின்சாரம் பாயுங்கால் அவ்விரும்பு வலிய காந்தமாகிறது. காந்தப் புலத்தில் நேர்மின் துகள் ஒருபுறமும் எதிர்மின் துகள் மறுபுறமும் வளையும். ஆற்றல் மிக்கது குறைவாகவே வளையும். தடத்தின் வளைவே துகளின் இயல்பை உரைத்துவிடுகிறது.

ஜெனிவா நகரையடுத்து 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த துகள் முடுக்கியிலும் இம்முறையே துணை செய்கிறது. அங்கு 2012இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகள் மின்னேற்றம் அற்றது. மின்னேற்றமுடைய ஹிக்ஸ் துகளும் இருத்தல் கூடும் எனச் சில கொள்கைகள் கூறும். அது பிறந்த கணமே சிதைவதாகலின், அதன் வழித்தோன்றல்களின் தடங்களைக் கொண்டே உய்த்துணரவேண்டும். தேடியும் இதுகாறும் அகப்படவில்லை.

மதுரைக் கருவியோ, தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் 50,000 டன் அளவில் எண்ணப்பட்ட பெருங்கருவியின் சிறு மாதிரியாகும். அதன் இலக்கு நியூட்ரினோ. மின்னேற்றமின்றி எதனையும் சாராது செல்லும் அதற்கு, அயலாரைக் குறிக்கும் ‘நொதுமலர்’ என்னும் பழஞ்சொல்லை ஒட்டி ‘நுண்நொதுமி’ எனப் பெயரிட்டோர் செவ்விதின் பெயரிட்டனர். அரிதாக அஃது இரும்பணுவில் மோதுங்கால் மியூவான் பிறக்கும். ஆயின், வானத்து மியூவான்களின் பெருக்கில் அச்சிறு தடம் மறைந்துபோம். அவற்றைத் தடுக்கவே ஒரு கிலோமீட்டர் பாறைக் கவசம் நாடி மலையைக் குடைய எண்ணினர். 2015இல் நடுவண் அரசு இசைந்தது. மலைக்கும் காட்டிற்கும் நீருக்கும் கேடு நேருமென மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை எளிதென ஒதுக்குதல் தகாது. 2022இல் தமிழக அரசு தன் இசைவின்மையை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இந்நிலையில் மதுரைக் கருவியைச் சுற்றி ஒளிவிடும் பிளாஸ்டிக் பலகைகளால் காவல் அமைக்கும் ஆய்வு தலைப்பட்டது. வானத்து மியூவான் 10,000 வந்தால், காவலுக்குத் தப்புவது ஒன்றுக்கு மேற்படலாகாது. அவ்வளவு தேர்ச்சி கிட்டுமாயின், ஏறத்தாழ 100 மீட்டர் பாறைக் கவசமே போதும் என்பது அறிஞர் கணிப்பு.