பரமதத்தன் கண்டதும் காணாததும்



ஆனித் திங்கள் முழுமதியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. மாப்பிள்ளை அழைப்பும் திருக்கல்யாணமும் முடிந்தபின் சிவபெருமான் பிச்சாடனத் திருக்கோலத்தில் வீதிவலம் வருகின்றார். அப்போது அடியவர்கள் மாடங்களின்மேல் நின்று மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர். கீழே நிற்பவர்கள் அவற்றைத் திருவருட் பேறாக ஏந்திக் கொள்கின்றனர். இந்த விழாவிலே மணமகனாக அழைத்து வரப்படுகின்ற பரமதத்தன், அதே மாங்கனியின் பொருட்டுத் தன் மனைவியை விட்டு நீங்கியவன். திருமணக் காட்சியைக் கண்டு மகிழ்கின்ற நாம் அந்தப் பிரிவின் காரணத்தையும் சிறிது ஆராய்தல் தகும்.

வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் காட்டும் நெறியிலேயே சுருங்கக் காண்போம். காரைக்கால் வணிகர் தலைவனாகிய தனதத்தனுக்கு ஒரே மகளார் புனிதவதியார். மொழி பயிலும் இளம் பருவத்திலேயே இறைவன் திருவடியில் அன்பு கொண்டவர். நாகப்பட்டினத்து நிதிபதியின் மைந்தனாகிய பரமதத்தனுக்கு அவரை மணம் செய்வித்தனர். மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, தம் இல்லத்தின் அருகிலேயே தனிமனை அமைத்துப் பெருஞ்செல்வமும் கொடுத்து அவர்களைக் குடியிருத்தினார். பரமதத்தன் வாணிகத்தைப் பெருக்கினான். அம்மையார் அடியவர்க்கு அமுதும் ஆடையும் பொன்னும் அளித்து இல்லறம் காத்தார்.

ஒருநாள் சிலர் பரமதத்தனுக்கு இரண்டு மாங்கனிகளைக் கொடுத்தனர். அவன் அவற்றை வீட்டிற்கு அனுப்பினான். அவ்வேளையில் பசியால் வாடிய சிவனடியார் ஒருவர் வந்தார். சோறு ஆகியிருந்தது, கறியமுது ஆகவில்லை. அம்மையார் ஒரு கனியை இட்டு அடியவர்க்கு அமுது செய்வித்தார். நண்பகலில் வந்த கணவனுக்கு மற்றக் கனியைப் படைத்தார். அதன் சுவையில் நிறைவு கொள்ளாத அவன், “இன்னொன்றையும் இடுக” என்றான். உள்ளே சென்ற அம்மையார் இறைவனை நினைந்து நின்றார். கையில் ஒரு கனி வந்தது. அதனை உண்டவன், முன்னைக் கனிக்கும் இதற்கும் சுவையில் உள்ள பெரு வேறுபாட்டை உணர்ந்து, “இது எங்கே பெற்றது?” என்று வினவினான். அம்மையார் நிகழ்ந்ததைக் கூறினார். அவனோ தெளியவில்லை. “ஈசன் அருள் எனின் இன்னொரு கனி அழைத்துத் தருக” என்றான். மீண்டும் கனி வந்தது. அவன் கையில் வாங்கினான். வாங்கிய கனி மறைந்தது. பரமதத்தன் நடுங்கினான்.

இங்கே முதலாவதாக ஓர் ஐயம் எழலாம். கணவன் கேட்டபோது அம்மையார் தயங்கியது ஏன்? கணவனிடம் ஒளிக்க வேண்டும் என்ற எண்ணமா? அன்று. திருவருள் தம்பால் நிகழ்ந்ததைத் தம் வாயால் சொல்லுதல் தகாது என்பது அடியவர் இயல்பு. கணவன் கேட்டதற்கு உள்ளவாறு கூறுதல் இல்லறத்தாள் கடமை. இவ்விரண்டிற்கும் நடுவே அந்த இளம்பெண் நடுங்கி நின்றார். முடிவில், உள்ளதைச் சொல்லுவதே கடன் என்று துணிந்தார். மணம் புரிந்து சில காலமே சென்ற ஒரு பெண், தம் உள்ளத்தின் மிக ஆழமான அறையைக் கணவனுக்குத் திறந்து காட்டிய நேரம் அது. இதற்கு மேற்பட்ட நம்பிக்கையை ஒரு மனைவி காட்டுதல் அரிது.

இரண்டாவது வினா: மூன்றாம் கனி மறைந்தது ஏன்? முதற்கனி அடியவரின் பசி தீர்த்தது. அருளால் வந்த கனி கணவனுக்கு இட வேண்டிய அமுதின் குறையை நிறைத்தது. மூன்றாவது, சோதித்தற்குக் கேட்கப்பட்டது. அம்மையார் சொல் பொய்யாகாதபடி இறைவன் அதனைத் தந்தான்; ஐயமுற்றவன் கையில் நில்லாதபடி மறைத்தும் கொண்டான். மறைத்தலும் இறைவனுடைய ஐந்தொழில்களுள் ஒன்று என்று நம் சாத்திரங்கள் கூறும். சொல்லை நம்பியிருந்தால் பரமதத்தன் அச்சமின்றி அம்மையாரின் அன்பில் பங்கு பெற்றிருக்கலாம். சான்று கேட்டான், சான்று கிடைத்தது, கிடைத்த சான்றே அவனை வெருட்டியது.

மூன்றாவது வினாவே நம் நெஞ்சைத் தொடுவது. பரமதத்தன் மனைவியிடம் குற்றம் ஒன்றையும் காணவில்லை, பெருமையைக் கண்டான். கண்டும் ஏன் பிரிந்தான்? “இவர் மானுடப் பெண் அல்லர், தெய்வம்” என்று கொண்டமையால் மனைவியாக எண்ண அஞ்சினான். அச்சத்தை ஒருவருக்கும் உரைக்கவில்லை. அம்மையாரிடமும் உரைக்கவில்லை. ஒரே இல்லத்தில் உறவின்றி இருந்து, பின் கடல் வாணிகத்தின்மேல் செல்வதாகக் கூறிக் கலம் ஏறினான். திரும்பிப் பாண்டி நாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் தங்கி, வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். காரைக்காலிலோ அம்மையார் கணவன் வருவான் என்று மனையறம் வழுவாது காத்திருந்தார்.

உறவினர் செய்தி அறிந்து அவரைச் சிவிகையில் ஏற்றி அங்கே கொண்டு சென்றனர். பரமதத்தன் தன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அம்மையார் அடியில் வீழ்ந்து வணங்கினான். கணவன் வணங்கக் கண்ட அவர் அஞ்சி ஒதுங்கி நின்றார். சுற்றத்தார் காரணம் கேட்டபோதுதான் அவன் வாய் திறந்தான். பல நாள் முன்னே தனிமையில் தம்மிடம் சொல்லப்பட வேண்டிய சொல்லை, அம்மையார் ஊரார் நடுவே நின்று கேட்டார்.

சேக்கிழார் பரமதத்தனைப் பழிக்கவில்லை. அவன் மனைவியை ஓரிடத்தும் இகழ்ந்து பேசவில்லை. அவரைத் தெய்வமாகவே போற்றினான். ஆயினும் வணக்கமும் சில வேளைகளில் விலகி நிற்பதற்கு ஒரு வழியாகி விடுகின்றது. கும்பிடுபவன் அருகே வாழ வேண்டியதில்லை. அருகே வாழ்பவனோ அஞ்ச வேண்டும், கேட்க வேண்டும், கற்க வேண்டும். பரமதத்தன் கண்டது மனைவியின் தெய்வத்தன்மை. அந்தத் தெய்வத்தன்மையோடு தனக்காகச் சோறு சமைத்துக் காத்திருந்த பெண்ணை அவன் காணவில்லை.

தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனார் வரலாற்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே மனைவியார் கண்டது கணவரின் குற்றம். பரத்தையிடம் சென்று வந்தவரைத் தம்மைத் தீண்டலாகாது என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தடுத்தார். அவரும் எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று உறுதி பூண்டார். ஆயினும் இருவரும் இல்லத்தை விட்டு நீங்கவில்லை. பிறர் அறியாமல் ஒரே மனையில் முதுமை எய்தும்வரை ஒருவருக்கொருவர் பணி செய்து வாழ்ந்தனர். இறைவன் சிவயோகியாய் வந்து குளத்தில் மூழ்கச் சொன்னபோது, மூங்கில் தண்டின் இருமுனைகளை இருவரும் பற்றி நின்றார்கள். மறைத்து வைத்திருந்ததைக் குயவனார் அனைவரும் கேட்கக் கூறி மூழ்கினார். இளமையோடு எழுந்தனர்.

குற்றத்தைக் கண்ட இல்லம் நிலைத்தது. பெருமையைக் கண்ட இல்லம் கலைந்தது. இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புதிதாக மணம் செய்துகொண்ட இல்லங்களில் இன்றும் இத்தகைய நாள் வருகின்றது. மனைவி நெடுநாளாக ஒரு விரதம் காத்து வருவதைக் கணவன் அறிகின்றான். கணவன் தன் ஊதியத்தில் ஒரு பகுதியை எவருக்கோ சொல்லாமல் கொடுத்து வருவதை மனைவி அறிகின்றாள். ஒருவர் நெஞ்சில் பழைய துயரம் ஒன்று இருப்பது மற்றவருக்குத் தெரிய வருகின்றது. அப்போது முதலில் வேண்டுவது, சொல்லிய சொல்லை நம்புதல். சோதிக்கப் புகுதல் கூடாது. அச்சம் எழுந்தால் அதனை வாழ்க்கைத் துணையிடமே சொல்லுதல் வேண்டும். கொடுமை உள்ள இடத்தில் பொறுத்திருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அங்கே விலகுதல் முறையே. விளங்காமை ஒன்றே காரணமாக விலகுதல்தான் பெரும்பிழை.

அம்மையாருக்கு அந்தப் பிரிவு முடிவாகவில்லை. கணவன் பொருட்டுத் தாங்கிய உடலின் வனப்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். 101 பாடல்களைக் கொண்ட அற்புதத் திருவந்தாதியையும் வேறு பனுவல்களையும் அருளினார். தலையால் நடந்து கயிலை ஏறியவரை இறைவன் “அம்மையே” என்று அழைத்தான். பரமதத்தன் அவர் அடியில் வீழ்ந்தான். தாய் தந்தை இல்லாத இறைவன் அவரைத் தாய் என்றான். முன்னவன் வணங்கி விலகினான். பின்னவன் உறவு சொல்லி அருகே அழைத்தான். திருவாலங்காட்டில் தன் ஆடல்கண்டு திருவடிக்கீழ் என்றும் இருக்கும் பேற்றையும் தந்தான்.

மாங்கனித் திருநாளில் கையில் ஒரு கனியை ஏந்தும் அன்பர்கள், அதனை இல்லத்திற்குக் கொண்டுசென்று இருவருமாகப் பகிர்ந்து உண்பார்களாக. ஒருவர் உள்ளத்தை மற்றவர் அஞ்சாது அறிகின்ற அருளைக் காரைக்காலம்மையார் திருவடிகள் நமக்கு வழங்குவனவாக.

திருச்சிற்றம்பலம்.