கதவுக்குக் கீழே என்ன மாட்டலாம்?

பிள்ளைகளே, கொடைக்கானல் மலையில் விளையும் கேரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் பூண்டும் கீழே சந்தைக்கு இறங்கியாக வேண்டும். அவற்றைச் சுமந்து இறங்குபவை பெரும்பாலும் பிக்கப் வண்டிகளும் குட்டி யானைகளும். நாம் குட்டி யானை என்று கூப்பிடும் டாடா ஏஸ் 2005இல் வந்த வண்டி. 2022இல் அதுவே மின்சாரத்தில் ஓடும்படியும் வந்துவிட்டது. அதன் பேட்டரி 21.3 யூனிட் மின்சாரம் பிடிக்கும், மின்சார ஏஸ்களில் முதலில் வந்தது 600 கிலோ லோடு ஏற்றும்.

பெரிய மின்சார பிக்கப்புகள் அமெரிக்காவில் ஓடத் தொடங்கி சில ஆண்டுகள் ஆகின்றன. ரிவியன் நிறுவனத்தின் வண்டி 2021இலும், ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-150 லைட்னிங் 2022இலும் வந்தன. அந்த மாதிரி ஒரு நீண்ட வண்டி கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்ப்போம். பாம்பார் சோலைப் பக்கமாக இறங்கும் அந்தச் சின்ன ரோடு செங்குத்து. ஓரத்தில் கல் துருத்தி நிற்கும், மழைக்குப் பிறகு மண் அரித்துக் கிடக்கும். வண்டிக்காரர் கதவுக்குக் கீழே ஏறி இறங்க ஃபுட்போர்டு மாட்டுவாரா, கல் இடித்தால் தாங்குகிற ராக் ஸ்லைடர் மாட்டுவாரா? குட்டி யானையில் முன்சக்கரம் கதவை ஒட்டியே இருப்பதால் இந்தக் கேள்வி பெரிதாக எழாது. கதவுக்கு முன்னால் முன்சக்கரமும், பின்னால் வெகுதூரம் தள்ளிப் பின்சக்கரமும் இருக்கிற வண்டிகளில்தான் எழும்.

இது ஏதோ அலங்காரச் சாமான் பற்றிய கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். மின்சார வண்டியில் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பேட்டரி படுத்திருக்கிறது.

டீசல் வண்டியின் அடியில் கியர்பாக்ஸ், சைலன்ஸர் குழாய், ஒரு பக்கம் டேங்க் என்று துண்டு துண்டாக இருக்கும். சைலன்ஸரில் கல் பட்டால் சத்தம் கூடும். வெல்டிங் பட்டறைக்குப் போனால் அன்றைக்கே சரியாகிவிடும். மின்சார பிக்கப்பில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பேட்டரியை அகலமாகப் பரப்பி வைக்கிறார்கள். கனமான பொருள் தாழ்வாக இருந்தால் கொண்டை ஊசி வளைவில் வண்டி எளிதில் சாயாது. அதில் நல்லது உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லிலும் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு! பேட்டரிப் பெட்டி நசுங்கி அந்தப் படலம் கிழிந்தால் இரண்டு முனைகளும் சேர்ந்துவிடும். செல் கொதிக்கும், பக்கத்துச் செல்லையும் சூடாக்கும், தீப்பிடிக்கும். அதனால்தான் இந்த வண்டிகளின் வயிற்றுக்குக் கீழே கெட்டியான தகடு அடித்துத் தருகிறார்கள். தகடு கீழிருந்து வரும் இடியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் டயர் வழுக்கி வண்டி பக்கவாட்டில் ஒரு பாறை மேல் உட்கார்ந்தால் அடி வாங்குவது கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பு.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். பழைய நோட்டு அட்டையைக் கூரை மாதிரி மடித்து மேசையில் வையுங்கள். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலின் இரண்டு முனைகளிலும் அடிப்பக்கம் ஒவ்வொரு ரப்பரை ஒட்டுங்கள். ரப்பர்தான் சக்கரம். ஸ்கேலை அந்த மேட்டின் மேல் குறுக்கே நிறுத்துங்கள். இந்தப் பக்கம் ஒரு சக்கரம், அந்தப் பக்கம் ஒரு சக்கரம். ஸ்கேலின் நடு வயிறு மேட்டின் உச்சியில் தட்டும். ரப்பர்களை நடுவை நோக்கி நகர்த்தி ஒட்டிப் பாருங்கள். வயிறு மேலே எழும்பிவிடும். அட்டை தட்டையாகிவிட்டால் இரண்டு பக்கமும் புத்தகம் முட்டுக் கொடுங்கள்.

டிரைவர்கள் “வண்டி அடி தட்டுது” என்பார்களே, அதன் கணக்கு இதுதான். ஒரு மீட்டர் தூரத்துக்கு 18 சென்டிமீட்டர் ஏறி, அதே போல இறங்கும் ஒரு மேடு இருக்கிறது என்று கொள்வோம். சக்கரங்களின் இடைவெளியில் பாதி எத்தனை மீட்டரோ, அதை 18ஆல் பெருக்கினால் வயிற்றுக்கு வேண்டிய உயரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். சக்கரங்களுக்கிடையே 2.1 மீட்டர் உள்ள குட்டி யானைக்கு அதைத் தட்டாமல் தாண்ட வயிறு 19 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். ரிவியனில் அந்த இடைவெளி சுமார் 3.45 மீட்டர், ஆகவே 31 சென்டிமீட்டர் வேண்டும். அது காற்று ஸ்பிரிங்கால் தன்னைத் தூக்கிக்கொண்டு சுமார் 38 வரை போகும், தாண்டிவிடும். லைட்னிங்குக்கு 33 வேண்டும், இருப்பதோ சுமார் 21. நடுமேட்டில் உட்கார்ந்துவிடும். சக்கரத்தின் வளைவைக் கணக்கில் எடுத்தால் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது.

ஃபுட்போர்டு தொங்குவது சரியாக அந்த நடுவில். கதவு விளிம்புக்கு 8 சென்டிமீட்டர் கீழே அது இறங்கியிருந்தால், வண்டியின் ஓரத்தில் உங்களுக்கிருந்த உயரத்தில் 8 சென்டிமீட்டர் போயே போச்சு. ஸ்லைடரை விளிம்போடு ஒட்டி, அதிகம் தாழாமல் வைப்பதன் காரணம் புரிகிறதா?

பக்கத்தில் போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணிலேயே தெரியும். ஃபுட்போர்டு என்பது நீளமான அலுமினியப் பலகை, மேலே வழுக்காத ரப்பர் பட்டை. அதைத் தாங்குவது தட்டையான தகட்டில் வளைத்த இரண்டு மூன்று கைகள், ஒவ்வொன்றுக்கும் சிறிய போல்ட்டுகள். ஒரு ஆள் ஏறி நிற்கத்தான் அது. ஸ்லைடர் தடித்த இரும்புக் குழாய். அதிலிருந்து குழாயாகவே கால்கள் கிளம்பி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் போய் முட்டும். வெல்டிங் தழும்பு விரல் தடிமனுக்குத் தெரியும். மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு மின்சார பிக்கப் பாறை மேல் ஒருக்களித்து உட்கார்ந்தால், ஒரு பக்கத்து ஸ்லைடர் ஒன்றரை டன்னைத் தாங்க நேரும். நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளைகள் ஏறக்குறைய முப்பத்தேழு பேர் சேர்ந்து ஏறியதற்குச் சமம்.

குழாயாக ஏன் செய்கிறார்கள்? ஒரு தாளை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலமாக வைத்தால் தன் எடைக்கே தொய்ந்துவிடும். அதே தாளைச் சுருட்டி ஒட்டிக் குழாயாக்கி வையுங்கள், பென்சில் பெட்டியைத் தாங்கும். பொருள் கூடவில்லை, நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போய் நின்றதால் வளைவது கடினமாகிறது.

வட்டக்கானல் பக்கத்துக் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழனி மலைப் பாறைகளில் பெரும்பகுதி சார்னோகைட். சென்னைப் பல்லாவரம் குன்றிலும் இதே வகைக் கல்தான். அதில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம், கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. சாதாரண இரும்பு 4க்கு மேல், அலுமினியம் 3க்கும் கீழ். அலுமினியப் பலகை இந்தக் கல்லில் உரசினால் கல் அதைச் சீவிக்கொண்டு போகும். இரும்புக் குழாயிலும் கீறல் விழும், ஆனால் உருண்டையாக இருப்பதால் கல் மாட்டிக்கொள்ள விளிம்பு கிடையாது. வண்டி சறுக்கி வெளியே வந்துவிடும்.

“அண்ணே, ஸ்லைடரை மட்டும் மாட்டிட்டா எங்க அப்பத்தா எப்படி ஏறும்?” என்று உங்களில் ஒருத்தி கட்டாயம் கேட்பாள். மூட்டு வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற அப்பத்தாவுக்கு அந்தப் பலகையின் 8 சென்டிமீட்டர் இறக்கம் பெரிய உதவி. விளிம்போடு ஒட்டிய ஸ்லைடர் உயரமாக இருக்கும், உருண்டைக் குழாயில் ஈரக் கால் வழுக்கும். குழாயைக் கொஞ்சம் வெளியே தள்ளி, மேலே சொரசொரப்பான செக்கர் தகடு வைத்த ஸ்லைடர்கள் உண்டு. காலுக்கு இடம் கிடைக்கும், உயரம் மட்டும் குறையாது. கதவைத் திறந்தால் இறங்கி, மூடினால் மோட்டாரால் மடங்கிக்கொள்ளும் படிகளும் இருக்கின்றன. ஓடும்போது தட்டாது என்பது அதன் அழகு. சேறும் சரளையும் சேர்ந்தால் மடங்குகிற மூட்டு அடைத்துக்கொள்ளும், மலையின் மழைக்காலத்துக்கு நான் அதை நம்பமாட்டேன்.

எடைக்கும் விலை உண்டு. ஒரு ஜோடி ஸ்லைடர் 50 கிலோ என்றால், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 1,800 மீட்டர் உயரம் அதைத் தூக்கவே ஏறக்குறைய கால் யூனிட் மின்சாரம் வேண்டும். 50 × 9.8 × 1,800 என்று பெருக்கி, ஜூல் அளவில் வரும் விடையை, ஒரு யூனிட்டுக்குரிய 36 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். மின்சாரம் பெரிய நஷ்டமில்லை. விவசாயிக்கு நஷ்டம், அந்த 50 கிலோவுக்கு ஒரு மூட்டை கேரட் குறைவதுதான்.

எனக்கு மிகவும் கவலை தருவது, ஸ்லைடரை எங்கே மாட்டுகிறார்கள் என்பது. பல மின்சார வண்டிகளின் கதவு விளிம்புக்குள் அலுமினிய அறைகள் அடுக்கியிருக்கும். பக்கவாட்டில் ஒரு கம்பத்தில் மோதினால் அவை நசுங்கி, மோதலின் விசையை விழுங்கி, பேட்டரியைக் காக்க வேண்டும். 2023இல் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் கார்களை மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் கம்பத்தில் பக்கவாட்டாக மோதவிட்டும் பார்க்கிறார்கள். வளையாத ஒரு குழாயை அந்த அறைகளிலோ பேட்டரிப் பெட்டியிலோ துளை போட்டு முடுக்கினால், நசுங்க வேண்டியது நசுங்காமல் இடி நேரே செல்லுக்குப் போய்ச் சேரும். வண்டிகளின் முன்னால் கம்பி பம்பர் மாட்டுவதை மத்திய அரசு 2017 டிசம்பரில் தடுத்ததற்கும் ஏறத்தாழ இதே காரணம். நடந்து போகிறவரை அது அதிகம் காயப்படுத்தும், உள்ளே இருப்பவரைக் காக்கும் நசுங்கு பகுதியையும் கெடுக்கும். ஆகவே வண்டி செய்த நிறுவனம் விட்டிருக்கும் துளைகளில், அவர்கள் ஒப்புக்கொண்ட சாமானை மட்டுமே மாட்ட வேண்டும். ஜாக்கி வைக்கும் இடத்தையும் அது மறைக்கக் கூடாது. மின்சார வண்டியில் ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்தால் பேட்டரிப் பெட்டியே வண்டியைச் சுமக்க நேரும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, வட்டக்கானல் வரை தார் ரோட்டில் வந்து லோடு ஏற்றித் திரும்பும் வண்டிக்கு ஃபுட்போர்டு போதும் என்பேன். அதுவும் முழு நீளப் பலகை வேண்டாம், கதவுக்கு நேரே ஒரு சின்னப் படி. தோட்டத்துக் கல்பாதையில் தினமும் இறங்குகிற வண்டிக்கு, சேசிஸில் மாட்டிய செக்கர் தகடு ஸ்லைடர். ஸ்லைடர் இருக்கிறதே என்று சோலையை ஒட்டிய புல்வெளியில் ஏற்றுவதற்கு நான் உடன்படமாட்டேன். மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைக்கு விடுவது அந்தப் புல்லும் அதன் அடிமண்ணும். டயர் அழுத்திய மண்ணில் நீர் இறங்காமல் வழிந்தோடிவிடும். ரோடு முடிந்த இடத்திலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு நடந்தே போகிறார்கள். வெள்ளகெவி கிராமத்துக்குக் காலங்காலமாக அரிசியும் பருப்பும் குதிரை முதுகில் போயிருக்கின்றன.

உங்கள் தெருவில் நிற்கும் ஜீப்பிலோ பிக்கப்பிலோ ஒன்றைப் பார்த்து வாருங்கள். டிரைவரிடம் கேட்டுக்கொண்டு, வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காமல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். படியைத் தாங்கும் கை எதில் போய் முடிகிறது, சேசிஸிலா, மெல்லிய தகட்டிலா? எத்தனை போல்ட்? தரையிலிருந்து படி எவ்வளவு உயரம், இரண்டு சக்கரங்களின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம்? அளந்து, மேலே சொன்ன மேட்டை அந்த வண்டி தாண்டுமா என்று கணக்குப் போட்டு எங்களுக்கு எழுதுங்கள்.